பாட்டி சொல்வதும் சான்றுதான்

வாசகர் கேள்வி:

"வணக்கம் அக்கா. நாங்கள் பழனி மலையில் கீழ்மலைப் பக்கம் இருக்கும் பளியர்கள். எங்கள் குடியிருப்பில் பிளஸ் டூ முடித்த முதல் ஆள் நான்தான். நர்சிங் சேர எஸ்.டி. சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். அப்பாவிடம் 1986-ல் தாசில்தார் கொடுத்த அட்டை இருக்கிறது. அதில் 'பள்ளியன்' என்று போட்டிருக்கிறது. என் டி.சி.யில் 'பளியர்' என்று இருக்கிறது. 'ரெண்டும் வேற வேற. அதுவுமில்லாம உன்னைப் பார்த்தா காட்டு ஆள் மாதிரியே இல்லையே' என்று விசாரிக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். பாட்டி காலத்திலிருந்து இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறோம், பட்டா கிடையாது. வன உரிமை மனு கொடுத்து ஐந்து வருடம் ஆகிறது, பதிலே இல்லை. தேன் எடுக்கப் போனால் பாரஸ்ட் கார்டு தடுக்கிறார். என் அக்கா கீழே ஊரில் வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டாள், இனிமேல் அவளுக்கு எஸ்.டி. கிடையாது என்கிறார்கள். கனடா, நியூசிலாந்தில் எல்லாம் பழங்குடிகளோடு அரசாங்கம் ஒப்பந்தம் போட்டிருக்கிறதாமே, நமக்கு அப்படி எதுவும் இல்லையா? நாங்கள் யார் என்பதை யார்தான் முடிவு செய்வது?"

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கடைசியில் ஒற்றை வரியாகக் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் பெரிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். நீங்கள் பளியர் என்பது உங்கள் பாட்டிக்கும் உங்கள் குடியிருப்புக்கும் தெரியும். அது முடிவாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது. அரசாங்கத்துக்கு அதில் இருக்கும் வேலை சின்னது: தன்னிடம் உள்ள பட்டியலில் உங்கள் குடியின் பெயர் இருக்கிறதா, நீங்கள் அந்தக் குடியில் பிறந்தவர்தானா என்று பார்ப்பது. இருபத்தாறு வருடமாக இந்த மலையடிவாரத்தில் வக்கீல் தொழில் செய்கிறேன். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் என்னிடம் பாதிப் பேர் கண்ணீரோடு வருகிறார்கள்.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம். அரசியலமைப்புச் சட்டத்தின் 342ஆம் பிரிவின்படி எந்தெந்தக் குடிகள் பழங்குடிகள் என்று குடியரசுத் தலைவர் ஆணையிடுவார். 1950-ல் அந்த ஆணை வந்தது. அதன்பின் அதில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமானாலும் நீக்க வேண்டுமானாலும் நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். தமிழ்நாட்டுப் பட்டியலில் நெடுங்காலம் 36 பெயர்கள் இருந்தன. நரிக்குறவர், குருவிக்காரர் சேர்ந்த பிறகு 2023 முதல் 37. அதை ஒரு தடவை வரி வரியாக வாசித்துப் பாருங்கள். 30ஆவது பள்ளேயன், 31ஆவது பள்ளியன், 32ஆவது பள்ளியர். உங்கள் ஆட்களின் பெயரை யாரோ மூன்று விதமாகக் காதில் வாங்கி எழுதியது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. பட்டியல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் இரண்டு தடவை விழுந்த ஓர் எழுத்து, திரும்பத் தமிழுக்கு வரும்போது பளியரைப் பள்ளியர் ஆக்கிவிட்டது. உங்கள் வாயில் இருக்கும் பெயர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கும் பெயரை உங்கள் குடியில் யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இது ஏதோ எழுத்துப்பிழை என்று விட்டுவிட முடியாது. மிலிந்த் வழக்கில் 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பட்டியலை உள்ளது உள்ளபடியேதான் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இந்தப் பெயருக்குள் அந்தப் பெயரும் அடங்கும் என்று சாட்சி வைத்து நிரூபிக்க இடமில்லை. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. விண்ணப்பத்தில் 'பள்ளியன்' என்றே எழுதுங்கள். அப்பாவின் அட்டையிலும் அதுதான் இருக்கிறது, பட்டியலிலும் அதுதான் இருக்கிறது. டி.சி.யில் உள்ள 'பளியர்' என்பது நாங்கள் பேச்சில் சொல்லும் பெயர், இரண்டும் ஒரே குடிதான் என்று குடியிருப்புப் பெரியவர்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் சேருங்கள். பட்டியலில் இருக்கும் பெயரை நீட்டிக்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. 'நான் அந்த வரியில் இருக்கும் ஆளின் மகள்' என்கிறீர்கள். இந்த வித்தியாசத்தை எழுத்தில் தெளிவாக வையுங்கள்.

அப்பாவின் அட்டை தாசில்தார் கொடுத்தது, செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 1989 நவம்பர் 11 வரை பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார்தான் கொடுத்தார். அதன் பிறகுதான் அந்த அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்கு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போனது. 1986-ல் வாங்கிய அட்டை சரியான அட்டை. அது உண்மைதானா என்று சரிபார்க்கலாம், பழசு என்று தள்ள முடியாது. அதோடு அப்பாவின் அண்ணன் தம்பி, அத்தை, அவர்கள் பிள்ளைகள் யாரிடம் சான்றிதழ் இருந்தாலும் நகல் வாங்குங்கள். தாத்தாவோ அப்பாவோ பள்ளிக்கூடம் போயிருந்தால் அந்தச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். இந்த வழக்குகளில் காகிதம் எவ்வளவு பழசோ அவ்வளவு எடை. சுதந்திரத்துக்கு முந்தைய பதிவு ஒன்று கிடைத்தால் அதைவிடப் பெரிய சான்று கிடையாது. உங்கள் குடியிருப்பில் அப்படிக் கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். ஆனால் எஸ்டேட் கணக்குப் புத்தகத்தில் கூலி ஆள் பெயரோடு குடிப் பெயரும் எழுதிவைத்த பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டுப் பாருங்கள்.

சரி, 'காட்டு ஆள் மாதிரி இல்லையே' என்ற பேச்சுக்கு வருகிறேன். அதை வாசித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 1965-ல் லோகூர் குழு என்று மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஒரு குடியைப் பழங்குடி என்று சொல்ல ஐந்து அடையாளங்களை அது வகுத்தது: ஆதிகாலத்துத் தன்மை, தனித்த பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், மற்றவர்களோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. கூச்சமும் சட்டத்துக்குள் ஓர் அளவுகோலாக வந்துவிட்டது, பாருங்கள். ஒரு குடியைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்ப்பதற்காக வைத்த அளவுகோல்கள் அவை. பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் குடியில் பிறந்த ஒரு பெண், கூச்சப்படாமல் நிமிர்ந்து பேசுகிறாள் என்பதற்காக அவள் அந்தக் குடி இல்லை என்று சொல்ல அவற்றில் எதுவுமே இடம் தரவில்லை.

1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலிச் சான்றிதழைத் தடுப்பதற்காக ஆய்வுக் குழுக்கள் அமைக்கச் சொன்னது. பொய்ச் சான்றிதழில் எத்தனையோ பேர் உங்கள் இடத்தைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அதனால் அந்தத் தீர்ப்பு தேவையான தீர்ப்புதான். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழைச் சரிபார்ப்பது மாநில அளவிலான ஆய்வுக் குழு. அங்கே கல்யாணச் சடங்கு என்ன, சாவுக்கு என்ன செய்வீர்கள், எந்தச் சாமி என்றெல்லாம் கேட்பார்கள். ஆனால் அந்தக் கேள்விகளையே கடைசி உரைகல்லாக வைக்கக் கூடாது என்று 2011-ல் ஆனந்த் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. இடம்பெயர்வதாலும் நாகரிக வாழ்க்கை வருவதாலும் இந்த மக்களின் பழக்கங்கள் மாறும், பழைய அடையாளங்களோடு அவை அப்படியே ஒத்துப்போக வேண்டியதில்லை என்று காரணமும் சொன்னது. 2023-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. அடுத்த முறை விசாரணைக்கு ஆள் வந்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அதைச் சொல்லுங்கள். பாட்டி கிழங்கு தோண்டப் போவதையும் சொல்லுங்கள், நீங்கள் போனில் பாடம் படித்ததையும் சொல்லுங்கள். அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி வேஷம் கட்டாதீர்கள். பயந்துபோய் வேட்டை, குகை என்று கதை சொல்லி, பிறகு முன்னுக்குப் பின் முரணாகி மாட்டிக்கொண்ட ஒரு பையனின் வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். அந்தச் சிக்கலை அவிழ்க்க நாலு வருடம் ஆனது.

மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். காரணம் இல்லாத மறுப்பு உயர் நீதிமன்றத்தில் நிற்காது. நமக்கு மதுரைக் கிளை பக்கத்திலேயே இருக்கிறது. வாய்ச்சொல்லை எதிர்த்து மட்டும் மேல்முறையீடு செய்ய முடியாது, அதனால்தான் பல பேர் வாயாலேயே அனுப்பிவிடுகிறார்கள்.

பட்டியல் உங்களுக்கு ஒரு விதமாக வேலை செய்தால் நீலகிரியில் வேறு விதமாக வேலை செய்கிறது. 17ஆவது வரி 'குறும்பர், நீலகிரி மாவட்டத்தில்' என்று இருக்கிறது. மலை இறங்கி வேறு மாவட்டத்தில் குடியேறிய குறும்பர் குடும்பத்தின் பிள்ளைகள் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மலையாளி என்ற குடி பழைய சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் பழங்குடி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அதே பேச்சு, அதே சாமி, மலை மட்டும் வேறு. இப்படி மாவட்ட எல்லை உங்கள் மூன்று வரிகளில் எதிலும் இல்லை. அந்த மட்டில் நீங்கள் எங்கே போய்ப் படித்தாலும் வேலை பார்த்தாலும் தமிழ்நாட்டுக்குள் உங்கள் நிலை மாறாது.

அக்கா விஷயம் சுருக்கமாக. கல்யாணத்தால் யாருக்கும் பழங்குடி நிலை வருவதும் இல்லை, போவதும் இல்லை. பிறப்புதான் கணக்கு. உங்கள் அக்கா சாகும்வரை பளியர்தான். அவளுடைய பிள்ளைகளுக்கு அப்பா சாதிதான் என்று முதலில் ஊகிப்பார்கள், ஆனால் அந்த ஊகமே முடிவு இல்லை என்று 2012-ல் ரமேஷ்பாய் நாய்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளை தாயின் சமூகத்தில் வளர்ந்ததா, அந்தச் சமூகத்துக்கு நேரும் இழிவுகளை அதுவும் பட்டதா என்று பார்க்க வேண்டும். அதனால் அந்தப் பிள்ளைகள் உங்கள் குடியிருப்பில் வளர்கிறார்களா, எந்தப் பள்ளியில் எப்படிப் பதிந்தார்கள் என்பதை இப்போதிருந்தே கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் பெருமையாகக் கேட்டீர்களே கனடா, அங்கே இதே விஷயத்தில் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1876-ல் வந்த ஒரு சட்டம், யார் பழங்குடி என்று அரசே தீர்மானிக்கும் என்றது. பழங்குடி என்று அரசு ஏற்காத ஆணைக் கட்டிக்கொண்ட பழங்குடிப் பெண்ணுக்கு அந்த நிலையே போய்விடும். பிறந்த ஊரில் குடியிருக்கும் உரிமையும் அவளுக்குப் போய்விடும். ஆண் வெளியில் கட்டினால் ஒன்றும் ஆகாது. 1985-ல்தான் அதைத் திருத்தினார்கள். ஒப்பந்தமும் அங்கே உண்டு. 1871 முதல் 1921 வரை 11 எண்ணிட்ட ஒப்பந்தங்கள் போட்டார்கள். நியூசிலாந்தில் மவோரிப் பழங்குடித் தலைவர்களோடு 1840-ல் வைதாங்கி ஒப்பந்தம் போட்டார்கள். அதில் ஆங்கிலப் பிரதி 'இறையாண்மை' என்கிறது, மவோரி மொழிப் பிரதி 'ஆளுகை' என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டிருக்கிறது. தலைவர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது மவோரி பிரதியில். எதைக் கொடுத்தோம் என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். அதை விசாரிக்கவே 1975-ல் ஒரு தீர்ப்பாயம் அமைத்தார்கள். ஒப்பந்தம் இருப்பதால் அவர்களுக்கு வாதாட ஒரு காகிதமாவது இருக்கிறது, அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு.

நம் மலைகளையும் ஒப்பந்தம் தொட்டிருக்கிறது. ஆனால் மலையில் இருந்த யாரையும் கேட்டுப் போட்ட ஒப்பந்தம் அது இல்லை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானோடு கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கம்பெனிக்குப் போனது. திப்பு இறந்தபின் 1799-ல் கோயம்புத்தூர் சீமையோடு நீலகிரியும் போனது. உங்கள் பூட்டனுக்குப் பூட்டன் தேன் எடுத்துக்கொண்டிருந்த பாறை, அவர் காதுக்கே எட்டாமல் கைமாறியது. பிறகு நீலகிரியில் கலெக்டர் ஜான் சல்லிவன், உதகை மேட்டு நிலத்துக்குத் தோடர்களே சொந்தக்காரர்கள் என்று தன் மேலதிகாரிகளோடு வாதாடினார். மேலிடம் அதை முழுதாக ஏற்கவில்லை. தோடர்களுக்கு மிஞ்சியது மந்து என்னும் தங்கள் குடியிருப்புகளைச் சுற்றிய, விற்க முடியாத பட்டா நிலங்கள்தான். சல்லிவனின் வாதம் ஜெயித்திருந்தால் இந்த மலைகளின் சட்டமே வேறாக இருந்திருக்கும் என்று நான் பல தடவை நினைத்துக்கொள்வேன்.

உலக அளவிலும் நம் நாடு கையெழுத்திட்டிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 107ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958-ல் ஏற்றது. பழங்குடிகள் மரபாக அனுபவித்து வரும் நிலத்தில் அவர்களுக்கு உடைமை உண்டு என்று அதில் ஒரு விதி இருக்கிறது. பிற்பாடு 1989-ல் வந்த 169ஆம் உடன்படிக்கையை ஏற்கவில்லை. 2007-ல் ஐ.நா.வின் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. இதில் கனடா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா நான்கும் அன்று எதிர்த்து ஓட்டுப் போட்டன, பிறகு மனம் மாறின. ஆனால் இந்திய அரசு, இந்நாட்டு மக்கள் எல்லாருமே பூர்வகுடிகள்தான் என்று ஒரு நிலையை வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் அந்தப் பிரகடனத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீட்டினால் வேலை நடக்காது. ஆனால் 2011-ல் கைலாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆதிவாசிகளே இந்த மண்ணின் முதல் குடிகளின் வாரிசுகளாக இருக்கக்கூடும் என்று எழுதி, அவர்களுக்கு நடந்த கொடுமைகளைக் கண்டித்திருக்கிறது. 'நாங்கள் யார்' என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள அது போதும். உரிமைக்கு நாம் வேறு இடத்தில் கதவைத் தட்ட வேண்டும்.

அந்தக் கதவு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குடும்பத்தின் சோறு இதில் இருக்கிறது.

1882-ல் வந்த சென்னை வனச் சட்டம், ஒரு காட்டை ஒதுக்குக்காடாக்கப் போகிறோம், உரிமை கேட்பவர்கள் குறித்த நாளுக்குள் வந்து எழுதிக் கொடுங்கள் என்று அறிவித்தது. எழுதிக் கொடுக்காதவரின் உரிமை அழிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத, அறிவிப்பு வந்ததே தெரியாத மக்களின் காடு அப்படித்தான் ஒரே நாளில் அரசாங்கக் காடானது. அன்றிலிருந்து உங்கள் தாத்தா தன் சொந்த மலையில் அத்துமீறி நுழைந்தவர். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்பிலேயே இதை 'வரலாற்று அநீதி' என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் பெயரிலேயே 'அங்கீகாரம்' என்ற சொல் இருக்கிறது. அரசு உங்களுக்கு நிலத்தைத் தானமாகக் கொடுப்பதாக அதில் எங்கும் இல்லை. ஏற்கெனவே உங்களுடையதாக இருப்பதை அரசு ஏற்றுப் பதிவு செய்கிறது. மனுவோடு போய் நிற்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், குரல் தானாகத் தெளிவாகும்.

இங்கேதான் உங்கள் சான்றிதழும் பாட்டியின் நிலமும் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அந்தக் காட்டு நிலத்தில் இருந்து பிழைத்தீர்கள் என்று காட்டினால் போதும். பழங்குடி இல்லை என்று ஆகிவிட்டால் 'மற்ற பாரம்பரிய வனவாசி' என்ற வகைக்குப் போவீர்கள். அப்போது மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், 1930-க்கு முன்பிருந்தே இருந்ததைக் காட்ட வேண்டும். ஒரு எழுத்தில் சான்றிதழ் நழுவினால் எழுபத்தைந்து வருடச் சான்றைக் கூடுதலாகத் தேட வேண்டிவரும். அதனால் சான்றிதழை நர்சிங்குக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் வாங்குங்கள்.

மனுவுக்குக் குறைந்தது இரண்டு சான்று வேண்டும். பாட்டிக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பெரியவர்கள் வாயால் சொல்வதை எழுதி வாங்கினால் அது சான்று என்று விதிகளே சொல்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள், மனுதாரர் அல்லாத பெரியவராக இருக்க வேண்டும். உங்கள் பாட்டிக்காகப் பக்கத்து வீட்டுத் தாத்தா சொல்லட்டும், அந்தத் தாத்தா குடும்பத்துக்காகப் பாட்டி சொல்லட்டும். பாட்டி நட்ட காப்பிச் செடியின் வயது, கல் அடுக்கிய வரப்பு, பழைய வீட்டின் மண் சுவர், இவை எல்லாம் இரண்டாவது சான்று. போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை கேட்கலாம். உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். வாரிசுக்குப் போகும், ஆனால் விற்கவோ கைமாற்றவோ முடியாது. எஸ்டேட்காரர் யாராவது ஒத்திக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள், அது செல்லாது.

ஐந்து வருடம் பதில் இல்லை என்றீர்கள். தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் தாமதமாகத்தான் நடக்கத் தொடங்கியது. 2008-ல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் பத்திரம் கொடுப்பது நின்றது, 2016-ல் தடை நீங்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. உங்கள் மனு அதற்குப் பிந்தியது, எனவே அந்தக் காரணத்தை யாரும் சொல்ல முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள்: என் பாட்டியின் மனுவைக் கிராம சபை எந்தத் தேதியில் தீர்மானித்தது, கோட்ட அளவிலான குழுவுக்கு எப்போது போனது, இப்போது எங்கே இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் கிராம சபையிலேயே தீர்மானம் போடாமல் கிடக்கும். கோட்டக் குழுவுக்குத் தலைவர் ஆர்.டி.ஓ., மாவட்டக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர். கிராம சபையோ கோட்டக் குழுவோ மறுத்தால், காரணத்தை எழுத்தில் நேரில் தெரிவிக்க வேண்டும், அதிலிருந்து 60 நாளுக்குள் மேலே முறையிடலாம். எழுத்தில் வாங்குவதன் அருமை 2019 பிப்ரவரியில் எல்லாருக்கும் தெரிந்தது. மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது, 28-ஆம் தேதி அதையே நிறுத்தி வைத்தது. அந்த இரண்டு வாரம் என் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் மனு தள்ளுபடி ஆனதா இல்லையா என்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மனு முடியும்வரை உங்களை அந்த நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது, அதைச் சட்டத்தின் 4(5) பிரிவே சொல்கிறது. அதை மீறி யாராவது பழங்குடியின் வன உரிமையில் குறுக்கிட்டால் அது 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமைக் குற்றம்.

கிராம சபை என்றதும் ஊராட்சியில் வருடத்துக்குச் சில தடவை கூடுமே, அதை நினைத்துவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் நூறு பேர் இருப்பார்கள், உங்கள் ஆட்கள் பத்துப் பேர் பின்னால் நிற்பீர்கள். வன உரிமைச் சட்டத்தில் உங்கள் குடியிருப்பே ஒரு கிராமமாகலாம், அதன் வயது வந்தவர்கள் எல்லாரும் கூடினால் அதுவே கிராம சபை. பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். ஆந்திரா, ஒடிசா போல நம் மாநிலத்தில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை, அதனால் பழங்குடிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் இங்கே வராது. நமக்கு மிச்சம் இருக்கும் பலமான சபை இது ஒன்றுதான். 2013-ல் ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் தோண்டலாமா என்று இந்த மாதிரி சபைகளைக் கேட்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பன்னிரண்டு ஊர்ச் சபைகளைக் கேட்டார்கள், பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது.

இனி தேன். இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் என்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் தனிநபர் மனு மட்டும்தான் எழுதிக் கொடுத்தேன். பட்டா பட்டா என்று எல்லாரும் கேட்டார்கள், நானும் அதையே பெரிதாக நினைத்தேன். ஒரு நாள் கீழ்மலைப் பெரியவர் ஒருவர், 'ரெண்டு ஏக்கருக்கு எழுதிட்டீங்க, மிச்ச மலைக்கு யாரு எழுதுவா?' என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கூடவே மூன்று நாள் நடந்தேன். ஒவ்வொரு தேன் பாறைக்கும் பெயர் சொன்னார், எந்தப் பாறை எந்தக் குடும்பத்துக்கு, எந்த ஓடை வரைக்கும் கிழங்கு தோண்டலாம், எந்த மரத்தடி சாமி இடம், எங்கே கத்தியை எடுக்கவே கூடாது என்று. நோட்டில் நாற்பது பக்கம் எழுதினேன். அன்று கூட வந்த வனக்காவலர் ஒருவரும் மௌனமாகக் கேட்டுக்கொண்டே நடந்தார். அந்த நோட்டுதான் பிறகு அவர்கள் சமூக உரிமை மனுவுக்கு வரைபடம் ஆனது.

தேன், மெழுகு, மூங்கில், பிரம்பு, கிழங்கு, வேர், மருந்துச்செடி, இவற்றைச் சேகரிக்கவும் வைத்துக்கொள்ளவும் விற்கவும் உங்களுக்கு உடைமை உரிமை உண்டு. வேட்டைக்கு மட்டும் இடமில்லை. வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டுக் கொடுப்பதும் உங்கள் கிராம சபையின் குழுதான். கொடைக்கானல் காட்டுப் பகுதியை 2013-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்களே, அதற்குள் இது செல்லாதோ என்று கேட்பீர்கள். செல்லும். சரணாலயமும் புலிகள் காப்பகமும் இந்தச் சட்டத்தின் காட்டு நிலத்துக்குள்தான் வருகின்றன. ஆனால் இதற்கு 'பி' படிவத்தில் சமூக உரிமை கேட்டு மனுப் போட வேண்டும். காட்டைக் காத்துப் பராமரிக்கும் உரிமைக்கு 'சி' படிவம். நீங்கள் கொடுத்தது 'ஏ' படிவம் மட்டும் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. நீலகிரியின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு குடிகளும் அரசின் வேறொரு பட்டியலில் 'குறிப்பாக நலிந்த பழங்குடி' என்று இருப்பதால், தங்கள் வாழிடம் முழுதுக்கும் உரிமை கேட்கலாம். பளியர் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கேயும் ஒரு பட்டியல்தான் வேலியாக நிற்கிறது. அதனால் 'பி'யும் 'சி'யும் உங்களுக்கு இன்னும் முக்கியம்.

முதலில் சான்றிதழ் விண்ணப்பத்தைத் திருத்திப் போடுங்கள், நர்சிங் சேர்க்கை காத்திருக்காது. அப்புறம் ஒரு நோட்டு வாங்கிப் பாட்டியோடு உட்காருங்கள். மழை விட்ட ஒரு நாளில் கூடவே நடந்து, அவர் சொல்கிற பெயர்களை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், பள்ளிக்கூடத் தமிழாக மாற்ற வேண்டாம். பளிச்சியம்மன் கல் இருக்கும் இடத்தையும் விடாதீர்கள், சாமி இடமும் விதிகளில் ஒரு சான்று. எழுதியதை நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவைச் சேர்ந்து எழுதுவோம். அப்பாவின் 1986 அட்டையின் அசலை மட்டும் எந்த அலுவலகத்திலும் யார் கேட்டாலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு, கையோடு திரும்ப வாங்கி, தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா